எஸ்எஸ்டிக்குக் கொடுக்கும் கூடுதல் காசு எதற்காக?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. பழைய லேப்டாப்பை மாற்றுவதா, அதிலேயே எதையாவது சரிசெய்து இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓட்டுவதா என்ற கேள்வி பல வீடுகளில் எழுந்தது. கடைக்குப் போனால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுங்க, புதுசு மாதிரி ஓடும்." சரி, போட்டுவிடலாம் என்று பார்த்தால், அதே சமயத்தில், எஸ்எஸ்டி செய்யப் பயன்படும் மெமரி சில்லுகளின் விலை ஏறத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் சில்லுகளை மொத்தமாக வாங்கிக்கொள்வதால் சில்லறைச் சந்தைக்கு வருவது குறைந்தது. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், 'குரூசியல்' என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது.

இந்த விலையிலும் எஸ்எஸ்டி வாங்கத்தான் வேண்டுமா? விண்டோஸோ லினக்ஸோ போன்ற இயங்குதளம் இருக்கப்போகும் டிஸ்க் என்றால், விலை ஏறிய பிறகும் கட்டாயம் வாங்கலாம். படங்களையும் வீடியோக்களையும் அடுக்கிவைக்கும் டிஸ்க் என்றால் வேண்டாம். இரண்டு பதிலுக்கும் காரணம் ஒன்றே. அதைப் புரிந்துகொள்ள, இரண்டு கருவிகளும் உள்ளே என்ன செய்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஹார்டு டிஸ்க்: சுற்றும் தட்டும் தேடும் தலையும்

ஹார்டு டிஸ்க்குக்குள் காந்தப் பூச்சு பூசிய வட்டத் தட்டுகள் இருக்கின்றன. அவை ஒரு அச்சில் நிற்காமல் சுற்றுகின்றன. லேப்டாப் டிஸ்க் என்றால் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று, மேசைக் கணினி டிஸ்க் என்றால் 7,200 சுற்று. தட்டின் மேல் படாமல், ஒரு மீட்டரில் நூறு கோடியில் சில பங்கு உயரத்தில், படிக்கும் தலை மிதக்கிறது. அதைத் தாங்கும் கை உள்ளும் வெளியுமாக நகர்ந்து, வேண்டிய வட்டப் பாதைக்குத் தலையைக் கொண்டுபோகும். 1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்க்கும் இதே ஏற்பாடுதான்: 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள், மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்றைய டிஸ்க் கையடக்கமாகிவிட்டது, கொள்ளளவு லட்சக்கணக்கான மடங்கு கூடிவிட்டது. ஆனால் தட்டு சுற்ற வேண்டும், கை நகர வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

திருவிழாவில் குடை ராட்டினம் சுற்றும்போது, நம் பிள்ளை உட்கார்ந்திருக்கும் குதிரை எதிரே வரும்வரை நிற்கிறோம் அல்லவா? ஹார்டு டிஸ்க்கின் தலையும் அப்படித்தான் நிற்கிறது. 5,400 சுற்று டிஸ்கில் ஒரு முழுச் சுற்றுக்கு 11.1 மில்லிநொடி ஆகும் (நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மில்லிநொடி). தேவையான இடம் சராசரியாக அரைச் சுற்று தள்ளி இருக்கும் என்று வைத்தால் 5.6 மில்லிநொடி. கை நகர்வதற்கு இன்னொரு 12 மில்லிநொடி. ஆக, ஒரு துண்டுத் தகவலை எடுக்க ஏறக்குறைய 17 மில்லிநொடி. நொடிக்கு 60 முறைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இந்த வேலையைச் செய்ய முடியும். 7,200 சுற்று டிஸ்க் 12, 13 மில்லிநொடியில் முடிக்கும். நொடிக்கு 80 முறை.

எஸ்எஸ்டி: அசையும் பாகம் இல்லாத மெமரி

எஸ்எஸ்டி முழுக்க மெமரி சில்லுகளால் ஆனது. மெமரி என்றதும் பலர் ரேமோடு குழப்பிக்கொள்கிறார்கள். ரேம், மின்சாரம் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். எஸ்எஸ்டியில் இருப்பது ஃபிளாஷ் மெமரி. மின்சாரம் இல்லாவிட்டாலும் வைத்தது வைத்தபடி இருக்கும். ஒவ்வொரு நுண்ணறையிலும் எலக்ட்ரான்களை ஒரு காப்புப் படலத்துக்குள் அடைத்துவைப்பதால் இது சாத்தியமாகிறது. அறையில் எவ்வளவு மின்னேற்றம் இருக்கிறது என்று அளந்தால் அதுதான் தகவல். தோஷிபாவில் பொறியாளராக இருந்த ஃபுஜியோ மசுவோகா 1980களில் கண்டுபிடித்தது இது. இன்று எஸ்எஸ்டிகளில் இருக்கும் நாண்ட் வகையை அவர் குழு 1987இல் வெளியிட்டது. பென் டிரைவ், செல்போனின் உள்சேமிப்பு, கேமரா கார்டு எல்லாமே இதே குடும்பம்தான்.

இங்கே எதுவும் சுற்றவும் இல்லை, நகரவும் இல்லை. எந்த அறையைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே நேரம்தான்: சாதாரண எஸ்எஸ்டியில் 0.1 மில்லிநொடி. 17 மில்லிநொடிக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

கணினி எதற்காகக் காத்திருக்கிறது?

விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது நொடிக்கு இத்தனை எம்பி என்ற எண். ஆனால் அந்த எண் இரண்டு வேறு வேலைகளில் ஒன்றை மட்டும்தான் சொல்கிறது.

1. தொடர் வாசிப்பு. ஒரு பெரிய கோப்பை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் படிப்பது. சினிமா பார்ப்பது, பெரிய வீடியோவை நகலெடுப்பது இந்த வகை. தலை ஒருமுறை சரியான இடத்துக்குப் போய்விட்டால் போதும், தட்டு சுற்றச் சுற்றத் தகவல் வந்துகொண்டே இருக்கும். இதில் ஹார்டு டிஸ்க் மோசமில்லை. நல்ல மேசைக் கணினி டிஸ்க் நொடிக்கு 150 எம்பிக்கு மேல் தரும். சாட்டா என்ற சாதாரண வகை எஸ்எஸ்டி 500 எம்பிக்கு மேல். 100 ஜிபியைப் படிக்க அதற்கு 11 நிமிடம், இதற்கு 3 நிமிடம் 20 நொடி. மூன்று மடங்கு வித்தியாசம், அவ்வளவுதான்.

2. சிதறிய வாசிப்பு. டிஸ்கின் பல மூலைகளில் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை மாற்றி மாற்றிப் படிப்பது. விண்டோஸ் எழும்புவது, உலாவி திறப்பது, வைரஸ் தடுப்பு மென்பொருள் ஓடுவது, அப்டேட் ஏறுவது எல்லாம் இந்த வகை. இப்படி 10,000 துண்டுகளைப் படிக்க வேண்டும் என்று வையுங்கள். 17 மில்லிநொடி வீதம் லேப்டாப் ஹார்டு டிஸ்க்குக்கு 170 நொடி, ஏறக்குறைய மூன்று நிமிடம். எஸ்எஸ்டிக்கு ஒரே ஒரு நொடி.

நாம் அன்றாடம் காத்திருப்பதெல்லாம் இந்த இரண்டாவது வேலைக்காகத்தான். ஹார்டு டிஸ்க் உள்ள பழைய லேப்டாப் ஒன்றில் விண்டோஸ் எழும்பியதும், எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் இதை நேரிலேயே பார்க்கலாம். 'டிஸ்க்' என்ற பத்தியில் நிறம் ஏறி 100% என்று அசையாமல் நிற்கும். பிராசஸர் 10, 15 சதவீதத்தில் சும்மா இருக்கும். டிஸ்கின் வேகத்தைப் பார்த்தால் நொடிக்கு ஒன்றரை எம்பி, இரண்டு எம்பி என்று காட்டும். 100 எம்பி தரக்கூடிய டிஸ்க் ஒன்றரை எம்பி கொடுக்கும்போதே திணறுகிறது என்றால், அதன் நேரமெல்லாம் தலையை நகர்த்துவதிலும் தட்டு சுற்றி வருவதற்குக் காத்திருப்பதிலும் போகிறது என்று பொருள். இதைப் பார்த்துவிட்டு "டிஸ்க் கெட்டுவிட்டது" என்றும் "வைரஸ் புகுந்துவிட்டது" என்றும் பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டும் இல்லை. டிஸ்க் தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

அதனால்தான் எஸ்எஸ்டிக்குக் கொடுக்கும் கூடுதல் காசை ஜிபி கணக்கில் பார்ப்பது தவறு என்கிறேன். அது இடத்துக்கான விலை அல்ல, காத்திருப்பை நீக்குவதற்கான விலை. எங்கே காத்திருப்பு இருக்கிறதோ அங்கே மட்டும்தான் அந்தக் காசுக்குப் பலன் உண்டு.

முதல் தாவல் பெரிது, அடுத்தது சிறிது

எஸ்எஸ்டியிலும் வகைகள் உண்டு. சாட்டா எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் பொருந்தும் அதே வாயிலில் பொருந்தும். அந்த வாயிலின் உச்ச வரம்பே நொடிக்கு 600 எம்பிதான். என்விஎம்இ எஸ்எஸ்டி பிசிஐஇ என்ற அதிவேகத் தடத்தில் நேராகப் பிராசஸரோடு பேசும். மூன்றாம் தலைமுறைத் தடத்தில் ஏறக்குறைய 3,500 எம்பி, நான்காவதில் 7,000, ஐந்தாவதில் 14,000 வரை விளம்பரப்படுத்துகிறார்கள்.

இந்த எண்கள் எல்லாம் முன்பு சொன்ன தொடர் வாசிப்புக்கானவை. ஒன்றன்பின் ஒன்றாகச் சின்னத் துண்டுகளைப் படிக்கும் சோதனையில் லேப்டாப் ஹார்டு டிஸ்க் நொடிக்கு அரை எம்பியைத் தொடுவதே கஷ்டம். சாட்டா எஸ்எஸ்டி 35, 40 எம்பி தரும். நல்ல என்விஎம்இ 60 முதல் 90 எம்பி வரை. ஹார்டு டிஸ்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு எழுபது எண்பது மடங்கு, அங்கிருந்து என்விஎம்இக்கு இரண்டு மடங்கு. முதல் தாவலை யாரும் உடனே உணர்வார்கள். இரண்டாவதைக் கண்டுபிடிக்க ஸ்டாப்வாட்ச் வேண்டும். பெரிய வீடியோக்களோடு தினமும் மல்லுக்கட்டாதவர்கள் நான்காம் தலைமுறைக்கும் ஐந்தாம் தலைமுறைக்கும் இடையில் காசைக் கொட்ட எந்த அவசியமும் இல்லை.

கவனிக்க வேண்டிய வேறு வித்தியாசம் ஒன்று இருக்கிறது, அதைப் பெட்டியின் மேல் பெரிதாக எழுதமாட்டார்கள். ஒரு நுண்ணறையில் எத்தனை பிட் (0 அல்லது 1 என்ற மிகச் சிறிய தகவல் துண்டு) அடைக்கிறார்கள் என்பதே அது. மூன்று பிட் என்றால் டிஎல்சி. அறையின் மின்னேற்றத்தை 8 நிலைகளாகப் பிரித்து அளக்க வேண்டும். நான்கு பிட் என்றால் க்யூஎல்சி, 16 நிலைகள். அதிகம் அடைத்தால் விலை குறையும். ஆனால் எழுதும் வேகமும் ஆயுளும் சேர்ந்தே குறையும். இந்தக் குறையை மறைக்க, காலியாக உள்ள அறைகளில் ஒரு பகுதியை அறைக்கு ஒரே பிட் என்ற கணக்கில் வேகமாக எழுதிவிட்டு, பிறகு ஓய்வு கிடைக்கும்போது இறுக்கி அடுக்குகிறார்கள். அந்த வேகப் பகுதி நிரம்பும்வரை எல்லாம் சுகம். நிரம்பிய பிறகு? சாம்சங் 870 க்யூவோ என்ற க்யூஎல்சி மாடலின் 1 டிபி வகைக்கு வேகப் பகுதி அதிகபட்சம் 42 ஜிபி. அது தீர்ந்தபின் எழுதும் வேகம் நொடிக்கு 80 எம்பி என்று அந்த நிறுவனமே தன் விவரக் குறிப்பில் சொல்கிறது. அது ஒரு நல்ல ஹார்டு டிஸ்க்கின் தொடர் எழுத்து வேகத்தைவிடக் குறைவு. ஒரே மூச்சில் 200 ஜிபி நகலெடுக்கிற பழக்கம் உள்ளவர்கள் டிஎல்சிதானா என்று கேட்டு வாங்க வேண்டும். மற்றவர்களுக்கு க்யூஎல்சியே போதும்.

விலை ஏன் இப்படி நடந்துகொள்கிறது?

1991இல் சன்டிஸ்க் நிறுவனம் (பிறகு சான்டிஸ்க் ஆனது) ஐபிஎம்முக்குக் கொடுத்த எஸ்எஸ்டியின் கொள்ளளவு 20 எம்பி, விலை ஏறக்குறைய 1,000 டாலர். எம்பிக்கு 50 டாலர். 2008 ஜனவரியில் ஆப்பிள் வெளியிட்ட மேக்புக் ஏரில் ஹார்டு டிஸ்க் உள்ள மாடல் 1,799 டாலர். 64 ஜிபி எஸ்எஸ்டியும் சற்று வேகமான பிராசஸரும் கொண்ட மாடல் 3,098 டாலர். எஸ்எஸ்டி என்றால் பணக்காரர்களின் பொருள் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் விழுந்தது. இன்னும் பலருக்கு அது போகவில்லை.

இப்போதைய விலையைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் போதும். ஹார்டு டிஸ்கில் மோட்டார், தலை, கை, உலோகக் கூடு, மின்சுற்று எல்லாம் எவ்வளவு சின்ன டிஸ்க் என்றாலும் வேண்டும். பாதித் தட்டு என்று ஒன்று செய்ய முடியாது. அதனால் 500 ஜிபி ஹார்டு டிஸ்க்கும் 1 டிபி ஹார்டு டிஸ்க்கும் விலையில் பெரிதாக வேறுபடாது. ஆனால் கூடத் தட்டுகள் சேர்க்கச் சேர்க்க, டிபி ஒன்றுக்கான விலை சரிந்துகொண்டே போகும். எஸ்எஸ்டியில் இது தலைகீழ். விலையில் பெரும்பங்கு சில்லுக்குத்தான். பாதிச் சில்லு வேண்டுமா, ஏறக்குறைய பாதி விலை.

இதன் விளைவு: 250, 500 ஜிபி அளவில் இரண்டின் விலைக்கும் இடைவெளி குறைவு. 1 டிபியில் எஸ்எஸ்டி கூடுதல். 4 டிபியைத் தொட்டால் சில மடங்கு ஆகிவிடும், 8 டிபிக்கு மேல் இடைவெளி இன்னும் விரியும். தரவு மையங்களே தங்கள் சேமிப்பில் பெரும்பகுதியை இன்னும் ஹார்டு டிஸ்கில்தான் வைத்திருக்கின்றன என்பதற்கு இதுவே காரணம்.

விலை ஏறி இறங்குவதும் புதிதல்ல. 2011 அக்டோபரில் தாய்லாந்தில் வெள்ளம் வந்து தொழிற்சாலைகள் மூழ்கியபோது ஹார்டு டிஸ்க் விலை சில வாரங்களில் ஏறக்குறைய இரட்டிப்பானது. கொரோனா கால வாங்கல் ஓய்ந்தபின் 2022, 2023இல் சில்லுகள் தேங்கி எஸ்எஸ்டி விலை படுபாதாளத்துக்குப் போனது; உற்பத்தியாளர்கள் தயாரிப்பைக் குறைத்தார்கள். 2025 கடைசியில் அது மறுபக்கம் திரும்பியது.

விலை இறங்கட்டும் என்று ஹார்டு டிஸ்க்கோடு தள்ளிக்கொண்டிருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: காத்திருக்காதீர்கள், கொள்ளளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். 1 டிபி கட்டுப்படியாகவில்லையா, 500 ஜிபி வாங்குங்கள். அதுவும் முடியவில்லையா, 250 ஜிபி. டாஸ்க் மேனேஜரில் 100% என்று நின்ற அந்தச் சுமையை 250 ஜிபி எஸ்எஸ்டியும் அதே போலத்தான் இறக்கும்.

எழுதி எழுதித் தேய்ந்துவிடுமா?

எஸ்எஸ்டி பற்றி அதிகம் பேர் பயப்படுவது இதற்குத்தான். பயத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஃபிளாஷில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேலேயே எழுத முடியாது, முதலில் அழிக்க வேண்டும். அழிப்பது ஒரு பக்கத்தை மட்டும் அல்ல, பல எம்பி கொண்ட ஒரு தொகுதியை மொத்தமாக. ஒவ்வொரு அழிப்பிலும் காப்புப் படலம் கொஞ்சம் தேயும். டிஎல்சி அறை ஆயிரம் முதல் மூவாயிரம் முறை வரை தாங்கும் என்பது பொதுவான கணக்கு. ஒரே இடம் அடிவாங்காமல் இருக்க, எஸ்எஸ்டியின் கட்டுப்பாட்டுச் சில்லு எழுத்து வேலையை எல்லாத் தொகுதிகளுக்கும் பகிர்ந்து கொடுக்கிறது.

இனி எண்ணைப் பார்ப்போம். எவ்வளவு எழுதலாம் என்ற உத்தரவாதத்தை டிபிடபிள்யூ என்ற அளவில் தருகிறார்கள். எத்தனை டிபி எழுதலாம் என்பது அதன் பொருள். சாம்சங் 870 ஈவோ 1 டிபிக்கு இது 600. நாள் ஒன்றுக்கு 20 ஜிபி எழுதுகிறீர்கள் என்றால் (வீட்டு உபயோகத்துக்கு இதுவே அதிகம்) 600 டிபி தீர 82 வருடம் ஆகும். அத்தனை வருடம் ஓடும் என்று அர்த்தமில்லை. அதற்கு வெகு முன்பே மின்சுற்றில் வேறு ஏதாவது பழுதாகும். தேய்மானம் நம் கவலை அல்ல என்பது மட்டும் இதிலிருந்து உறுதி. இதற்குப் பயந்து விண்டோஸில் அதையும் இதையும் நிறுத்திவைப்பது வீண் வேலை. டிஃப்ராக் (சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றாக அடுக்குவது) மட்டும் செய்ய வேண்டாம். எஸ்எஸ்டிக்கு அதனால் பயனில்லை. விண்டோஸே எஸ்எஸ்டியை அடையாளம் கண்டு, எந்த இடம் இனி வேண்டாம் என்று சொல்லும் டிரிம் என்ற வேறு கட்டளையை அனுப்பிக்கொள்ளும்.

நான் பெரிதாக எடுத்துக்கொள்ளும் மூன்று விஷயங்கள் வேறு.

1. சாகும் விதம். ஹார்டு டிஸ்க் பல சமயம் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்: டக் டக் என்ற சத்தம், சில கோப்புகள் மட்டும் திறக்க நெடுநேரம் எடுப்பது. எஸ்எஸ்டி நேற்று இரவுவரை ஓடிவிட்டு இன்று காலையில், கணினி எழும்பும்போது முதலில் ஓடும் பயாஸில்கூடத் தெரியாமல் போகலாம். எஸ்எஸ்டிக்கு அடி தாங்கும் குணம் உண்டு, அதில் சந்தேகமில்லை. லேப்டாப் கைதவறி விழுந்தால் பிழைப்பது எஸ்எஸ்டிதான். ஆனால் ஹார்டு டிஸ்க்கும் பலர் நினைப்பதுபோல் நித்தியகண்டம் அல்ல. பல லட்சம் டிஸ்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் வெளியிட்ட கணக்குப்படி, 2024இல் அதன் ஹார்டு டிஸ்குகளில் பழுதானவை 1.57%.

2. அழிந்ததை மீட்பது. ஹார்டு டிஸ்கில் கோப்பை அழித்தால் அதன் பெயர்தான் பட்டியலிலிருந்து போகும், தகவல் தட்டில் கிடக்கும். மேலே வேறு எழுதாதவரை மீட்க வாய்ப்புண்டு. எஸ்எஸ்டியில், அழித்த இடத்தை டிரிம் கட்டளை காட்டிக்கொடுத்ததும் கட்டுப்பாட்டுச் சில்லு அதை உண்மையிலேயே துடைத்துவிடும். மறுசுழற்சித் தொட்டியைக் காலி செய்துவிட்டு மறுநாள் மீட்டுத்தரச் சொல்லி ஓடினால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

3. அலமாரியில் வைப்பது. அடைத்துவைத்த எலக்ட்ரான்கள் மெல்ல மெல்லக் கசியும். சில்லுத் துறைக்கான ஜெடெக் அமைப்பின் தரநிலை, வீட்டு உபயோக எஸ்எஸ்டி மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் தகவலைக் காக்க வேண்டும் என்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு "ஒரே வருடத்தில் எஸ்எஸ்டி காலியாகிவிடும்" என்று பரப்புகிறார்கள். அது தவறு. உத்தரவாதம் தந்த எழுத்து முழுவதையும் எழுதித் தீர்த்த, தேய்ந்துபோன எஸ்எஸ்டிக்கான குறைந்தபட்ச எல்லை அது. புதியது அதைவிட வெகுகாலம் தாங்கும். ஆனாலும் சித்திரை வெயிலில் வீட்டுக்குள்ளேயே 35 டிகிரியைத் தாண்டும் ஊர்களில், பல வருடம் தொடாமல் வைக்கப்போகும் குடும்பப் படங்களை எஸ்எஸ்டியில் மட்டும் பூட்டிவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

யாருக்கு எது?

1. ஹார்டு டிஸ்க் உள்ள பழைய லேப்டாப். யோசிக்காமல் சாட்டா எஸ்எஸ்டி. ரேம் 4 ஜிபிதான் என்றால் அதையும் முடிந்தால் 8 ஆக்குங்கள். ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கையே தற்காலிக ரேமாகப் பயன்படுத்தும், அப்போது ஹார்டு டிஸ்க் மெஷினை அப்படியே நிறுத்திவிடும். ஒரு எச்சரிக்கை: எஸ்எஸ்டி போட்டதால் மட்டும் விண்டோஸ் 11க்குத் தகுதி வந்துவிடாது. அதற்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அந்தத் தகுதி இல்லாத மெஷினில் எஸ்எஸ்டியோடு லினக்ஸ் நன்றாகவே ஓடும்.

2. கல்யாண வீடியோ ஸ்டூடியோ. இரண்டும் ஒன்றாக வேண்டிய இடம் இது என்பதால் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். 4கே கேமரா நொடிக்கு 100 மெகாபிட் (எட்டு மெகாபிட் ஒரு எம்பி) வேகத்தில் பதிந்தால் ஒரு மணிக்கு 45 ஜிபி. மாலை வரவேற்பும் மறுநாள் முகூர்த்தமும் சேர்த்து இரண்டு கேமராக்கள் ஆளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் 540 ஜிபி. எடிட்டிங் மேசையில் டைம்லைனை முன்னும் பின்னும் இழுக்கும்போது இரண்டு கேமராவின் துண்டுகளும் மாறி மாறி வர வேண்டும். அது சிதறிய வாசிப்பு. அங்கே ஹார்டு டிஸ்க் இருந்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் படம் உறைந்து நிற்கும், ஒரு நாள் வேலை ஒன்றரை நாளாகும். ஆக, நடப்புக் கல்யாணங்களுக்கு 1 அல்லது 2 டிபி எஸ்எஸ்டி, டிஎல்சி வகை. வேலை முடிந்து ஆல்பம் கைமாறிய பிறகு அதே 540 ஜிபியை யாரும் தொடப்போவதில்லை. மாதம் நான்கு முகூர்த்தம் என்றால் 2 டிபிக்கு மேல் சேரும். அதை எஸ்எஸ்டியில் அடுக்கினால் லாபம் டிஸ்குக்கே போய்விடும். பெரிய ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கி, ஒரே தகவலை இரண்டிலும் வைத்து, இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைப்பதுதான் சரி. ஒரு டிஸ்கில் மட்டும் வைத்தால், அது கெட்ட அன்று அந்தத் தம்பதிக்குச் சொல்ல நம்மிடம் பதில் இருக்காது.

3. சிசிடிவி. நான்கு கேமரா, ஒவ்வொன்றும் நொடிக்கு 4 மெகாபிட் என்றால் மொத்தம் நொடிக்கு 2 எம்பிதான். தொடர் எழுத்து வேறு. ஹார்டு டிஸ்க்குக்கு இது தூசி. ஆனால் ஒரு நாளைக்கு 173 ஜிபி சேரும், 1 டிபி ஆறு நாளுக்குள் நிரம்பும். இடம்தான் வேண்டும், வேகம் வேண்டாம். கண்காணிப்புக்கென்றே விற்கும் ஹார்டு டிஸ்க் போதும்.

4. கேம். 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் இரண்டுமே எஸ்எஸ்டியோடு வந்ததால், அதற்குப் பிறகு வரும் பெரிய கேம்கள் எஸ்எஸ்டி இருக்கும் என்று நம்பியே எழுதப்படுகின்றன. விளையாடுவது எஸ்எஸ்டியில், விளையாடி முடித்தது ஹார்டு டிஸ்கில்.

கடைக்குப் போகும் முன்

எம்.2 என்பது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயர் அல்ல. பார்க்க ஒரே மாதிரி சூயிங்கம் பட்டை போல இருக்கும் எம்.2 எஸ்எஸ்டிகளில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. லேப்டாப்பின் மாடல் எண்ணை வைத்து எது பொருந்தும் என்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். இணையத்தில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு "16 டிபி எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி" என்று வந்தால் தொடவே வேண்டாம். கூட்டைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு ஒட்டியிருக்கும். 16 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் மென்பொருளை மாற்றியிருப்பார்கள். உண்மையான கொள்ளளவு நிரம்பியதும் பழைய கோப்புகளின் மேலேயே எழுதத் தொடங்கும், கோப்புகளின் பெயர்கள் மட்டும் பட்டியலில் பத்திரமாகத் தெரியும்.

கழற்றிய ஹார்டு டிஸ்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். அதில் உங்கள் தகவல் அத்தனையும் இருக்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி கூட்டில் அதைப் போட்டுக்கொண்டால் வெளி டிஸ்க் ஆகிவிடும். விண்டோஸைச் சுமந்து திணறிய அதே டிஸ்க், மாதத்துக்கு ஒருமுறை படங்களின் இரண்டாவது நகலை வாங்கி வைத்துக்கொள்ளும் வேலையைத் திணறாமல் செய்யும்.